ஒரே தலைக்கு இரண்டு விலை

மனித மூளையின் விலை ஒன்பதாயிரம். ரசீது போட்டுத்தான் கொடுத்தார்கள். மூளையை அல்ல, அதன் ஸ்கேன் படத்தை. படம் கைக்கு வந்ததும் அசலுக்கு வீட்டில் மதிப்புப் போய்விட்டது.

அசலுக்குச் சொந்தக்காரர் பழைய இரும்புக்கடை முதலாளி. பட்டப்பெயர் காந்தம், நல்ல சரக்கு எங்கிருந்தாலும் தானாக வந்து ஒட்டும். எழுபதைத் தாண்டியவர் சில மாதங்களாகக் கடைப்பக்கம் போவதில்லை. சோற்றைக் கிளறிவிட்டு எழுந்துவிடுவார். விடியுமுன் விழித்துச் சுவரைப் பார்ப்பார். கடைச் சரக்கை யாராவது அடிமாட்டு விலைக்குக் கேட்டாலும், "குடுத்துடுங்க" என்பார்.

இதைக் கண்டு பிள்ளைகள் இருவரும் பதறினார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு வியாபாரம் தெரியாது. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், கோர்ட்டுக்குப் போய்க் கடையைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

டாக்டரம்மாவின் அறையில் பெரியவன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். "பாருங்க மேடம், உள்ள பூரா வெள்ளைப் புள்ளி. சல்லடைதான்!"

"போன வருஷமே என்னைப் பார்த்து 'நீ யாருடா'ன்னு கேட்டாரு" என்றான் சின்னவன்.

கேட்டது உண்மைதான் என்று காந்தம் நினைத்துக்கொண்டார். அப்போது சின்னவனின் கை கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. வாய் திறந்து சொல்லத்தான் சலிப்பாக இருந்தது.

டாக்டரம்மா படத்தை வாங்கிக்கொண்டார். "ஞாபகத்தைப் பார்த்துக்கற பகுதி கொஞ்சம் சுருங்கியிருக்கு. வயசானவங்களுக்கு மனச்சோர்வு வந்தா இப்படித் தெரியறது உண்டு. சுருங்கினதால சோர்வா, சோர்ந்ததால சுருங்குச்சான்னு யாரும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நான் கேட்டுப் பார்த்தவரைக்கும் புத்தி தெளிவாத்தான் இருக்கு. மாத்திரை, வாரம் ஒரு தடவை இங்க வந்து பேச்சு. சில மாசத்துல தேறிடுவார்."

"அப்போ இவர் கையெழுத்து செல்லுமா?" என்றான் பெரியவன்.

"செல்லும். ஆனா பெரிய முடிவெல்லாம் தேறின பிறகு வச்சுக்குங்க."

'செல்லும்' என்பதற்குப் பிறகு எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. கடையைத் தங்கள் பேருக்கு எழுதி வாங்கத் தயாராக வைத்திருந்த பத்திரத்தைச் சின்னவன் பையிலிருந்து உருவினான். "நான்தான் சொன்னேனே மேடம், அப்பா மூளை கம்ப்யூட்டர்! மருந்தெல்லாம் எதுக்கு?"

"இப்படி ஒரு தலை இந்த ஊர்லயே கிடையாது" என்று பேனா மூடியைத் திறந்தான் பெரியவன்.

காந்தத்துக்குச் சுருக்கென்றது. இது அவருடைய சொந்த வித்தையாயிற்றே! வாங்கும்போது "அத்தனையும் துரு, எடைக்குக்கூட ஆகாது", அதையே விற்கும்போது "தூக்கிப் பாருங்க, என்ன கனம்!" ஆனால் நடுவில் அவர் சரக்கை ஒரு தடவையாவது வண்டியில் ஏற்றி இறக்குவார். இந்தப் பயல்கள் நாற்காலியை விட்டே எழவில்லை.

"டேய்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த குரல், கரகரத்தது. "துருன்னா துருவுல நில்லு. ஒரே மூச்சுல ரெண்டு விலை சொல்றவனுக்கு என் கடையில சரக்கு கிடையாது."

"அப்பா, உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதை நானே எடை போட்டுக்கறேன். பேனாவை மூடு." டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "மாத்திரையை எழுதுங்கம்மா. பேச்சுக்கு என்ன கூலி? மொத்தமா எடுத்தா குறைப்பீங்களா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். காந்தம் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த வேகம் வடிந்துவிட்டது. பழைய பாரம் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

ஆக அன்றைய கணக்கு: மாத்திரைச் செலவு, பிள்ளைகள் தலையில். கையெழுத்து, வரவில்லை. காந்தத்தின் பக்கம் ஒரு அதட்டலும் அரைகுறைப் பேரமும் வரவு. பசி, தூக்கம், கடைக்குப் போகும் ஆசை, மூன்றும் நிலுவை.