இருபத்தாறு டிக்கெட்

மல்லசமுத்திரத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் மொட்டப்பாறையில் அறுபத்து நான்கு வீடு, பத்தொன்பது கார். கார் இல்லாத வீட்டில் பைக் இருந்தது. பைக் இல்லாதவனுக்குப் பக்கத்து வீட்டுப் பைக்கின் பின்சீட்டு இருந்தது. வசந்தாமணிக்கு ஏழே முக்கால் பஸ் இருந்தது.

தனியார் வண்டி அது. ஆட்டையாம்பட்டி, கொண்டலாம்பட்டி வழியாகச் சேலத்துக்குள் நுழைந்து, எட்டு ஐம்பதுக்கு அவளை அஸ்தம்பட்டியில் இறக்கிவிடும். ஒன்பது மணிக்கு அவள் அங்கே ஒரு ஸ்கேன் சென்டரின் ஷட்டரைத் தூக்க வேண்டும். சாவி அவளிடம். முந்தின ராத்திரியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்து படியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒன்பது மணி என்பது கடிகாரத்தில் இல்லை, குடலில் இருந்தது. இந்த வருஷத்தில் இரண்டு முறை அவளுக்குத் தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறையானால் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று டாக்டர் நர்மதா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்ன எதுவும் இதுவரை நடக்காமல் போனதில்லை.

பெண்களிடம் காசு வாங்காத அரசு பஸ்ஸும் ஊருக்கு வரத்தான் செய்தது, பத்தே காலுக்கு. ஒன்பது மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவளுக்கு அந்த இலவசத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சத்தீஸ்கரில் ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுக்கொண்டிருந்த புருஷன் சிவபிரகாஷ், போனில் "ஸ்கூட்டி வாங்கிக்க" என்பான். ஒருமுறை தங்கச்சியின் ஸ்கூட்டியில் போய்ப் பார்த்தாள். கொண்டலாம்பட்டி ரவுண்டானாவில் நாலு பக்கமும் லாரி சூழ்ந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு போலீஸ்காரர்தான் வண்டியோடு அவளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரம் சேர்த்தார்.

மாதக் கடைசியில் கண்டக்டர் ஈஸ்வர் டிக்கெட் கிழிக்கும்போது மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, ஒண்ணாந்தேதியிலிருந்து இந்த ட்ரிப் இல்லீங்க."

"ஏன் ஈஸ்வரு?"

"திரும்பி எண்ணிப் பாருங்க."

எண்ணினாள். ஒன்பது பேர். அதில் ஒருவர் டிரைவரின் மச்சான், அவருக்கு டிக்கெட் கிடையாது.

அன்றைக்கு முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயிற்று ஸ்கேனுக்கு வந்தவரை எக்ஸ்ரேக்கு அனுப்பினாள். சாயங்காலம் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நாச்சிமுத்துவின் வாசலில் போய் நின்றாள். நாச்சிமுத்து ஜவ்வரிசித் தரகர், ஊருக்குப் பெரிய தலை. நூறடி தள்ளியிருக்கும் டீக்கடைக்கும் காரில்தான் போவார். காரைத் திருப்ப ஆகிற நேரத்தில் இன்னொரு டீ குடித்துவிடலாம்.

"மாமா, ஏழே முக்கால் பஸ்ஸை நிறுத்தறாங்களாமாங்க."

"எந்தப் பஸ்ஸு அம்மிணி?"

"நம்மூருப் பஸ்ஸுதானுங்க."

"அது இன்னும் வருதா?" என்றவர், சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். ஊர் எல்லையில் அவரும் பருத்திக்கொட்டை வியாபாரி சின்னராஜும் சேர்ந்து மூன்று ஏக்கரை மனையாகப் போட்டு, 'பஸ் வசதி உண்டு' என்று ஆளுயர போர்டு வைத்திருந்தார்கள். "நிறுத்தினா எப்படி? போர்டுல எழுதியாச்சே."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கார் நிறைய ஊர்ப் பெரியவர்கள் பஸ் முதலாளி கருப்பண்ணனின் ஷெட்டுக்குப் போனார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் சார்பில் வசந்தாமணி பின்சீட்டு நடுவில் ஒடுங்கிக்கொண்டு போனாள்.

"எனக்கென்னங்க பகையா?" என்றார் கருப்பண்ணன். "தினம் நாப்பது டிக்கெட்டு கொடுங்க, நாளைக்கே ஓட்டறேன்."

"பதினெட்டு," என்றார் சின்னராஜ்.

"பதினெட்டுக்கு டயர்ல காத்தடிக்க முடியாதுங்க."

இரண்டு முறை டீ வந்தது. இரண்டு முறை இவர்கள் கோபித்துக்கொண்டு காருக்குப் போய் ஸ்டார்ட் செய்தார்கள், கியர் மட்டும் போடவில்லை. கருப்பண்ணனும் வாசல்வரை வந்து, கூப்பிடாமல் பல் குத்திக்கொண்டு நின்றார். மூன்றாவது முறை அவர் கூப்பிட, தினம் இருபத்தாறு டிக்கெட் என்று படிந்தது. ஒரு மாதத்துக்கான காசை முன்கூட்டியே கட்டிவிட்டார்கள்.

திரும்பும் வழியில் வசந்தாமணி மெல்லக் கேட்டாள். "அப்ப ஒண்ணாந்தேதியிலிருந்து எல்லாரும் ஏறிருவீங்களா மாமா?"

முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறறதா?" என்றார் நாச்சிமுத்து. "அதான் டிக்கெட்டு எடுத்தாச்சே சாமி."

அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வாங்கிய சரக்கைக் கண்ணால் பார்க்காமல், கையால் தொடாமல், மூட்டை ஆலையிலிருந்து கிளம்புவதற்குள் விற்று முடித்துப் பழகியவர்கள். டிக்கெட் வாங்குவதுதான் காரியம், ஏறி உட்காருவது கூலியாள் வேலை என்று மனப்பூர்வமாக நம்பினார்கள்.

இரண்டு வாரம் பஸ் ஓடியது. ஈஸ்வர் தினமும் இருபத்தாறு டிக்கெட்டைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொள்வான். பழைய ஒன்பது பேரையும் சேர்த்துக் கணக்குப்படி வண்டி நிறைந்திருந்தது. கண்ணுக்குத்தான் காலி. வசந்தாமணி தினமும் ஏறியதும் அந்தக் காலிச் சீட்டுகளை எண்ணினாள். கருப்பண்ணனும் வியாபாரிதானே, எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பார்?

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை, பஸ் வரும் நேரத்துக்கு ஒரு பழைய ஆம்னி வேன் வந்து நின்றது. ஈஸ்வர் உள்ளேயிருந்து தலையை மட்டும் நீட்டினான்.

"ஏறுங்கக்கா. ஒன்பது பேரும் நெருக்கி உட்கார்ந்தா பத்தும்."

"பஸ்ஸு எங்க?"

"திருச்செங்கோட்டுக்குக் கல்யாண ட்ரிப் போயிருக்குதுங்க. இந்த மாசம் முகூர்த்தம் ஜாஸ்தி. காசு வந்துருச்சு, ஆளு வரல, அப்புறம் அத்தாம்பெரிய வண்டி எதுக்குடாங்கறாரு முதலாளி."

மடியில் யாரோ ஒருவரின் கீரைக்கட்டோடு, எட்டு ஐம்பத்தொன்பதுக்குப் போய்ச் சேர்ந்தாள். படியில் இருந்தவர்களைப் பார்க்காமல் ஷட்டரைத் தூக்கினாள்.

அன்று சாயங்காலம் மறுபடி நாச்சிமுத்துவின் வாசலுக்குப் போனாள். தனக்குக் கஷ்டம் என்று சொன்னால் 'பாவம்' என்பார்கள், காபி கொடுத்து அனுப்புவார்கள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"மாமா, உங்க இருபத்தாறு சீட்டையும் கருப்பண்ணன் இன்னொருத்தருக்கு வித்துட்டாருங்க."

நாச்சிமுத்து கையிலிருந்த போனைக் கீழே வைத்தார். "ஒரே சரக்கை ரெண்டு பேருக்கா?"

"கல்யாணக்காரங்களுக்குங்க."

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும், கொஞ்சம் அதிகமாகிவிட்டதோ என்று அவளுக்கே பயமாகிவிட்டது.

மறுநாள் காலை ஏழரைக்கே பஸ் நிற்கும் வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டையாக நின்றது. இருபத்தாறு பேர். தூக்கம் கலையாதவர்கள், குளித்து விபூதி பூசியவர்கள், பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் கதவு என்று விசாரிக்கிறவர்கள். ஏழே முக்காலுக்கு வேன் வந்தது. ஈஸ்வர் கூட்டத்தைப் பார்த்து, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டான்.

"பஸ்ஸைக் கொண்டா," என்றார் சின்னராஜ்.

"பஸ்ஸு ஷெட்டுல நிக்குதுங்க. இப்போதைக்கு இதுல ஒன்பது பேரு..."

"வாங்கினது பஸ்ஸு. பஸ்ஸைக் கொண்டா."

வசந்தாமணி போனில் மணியைப் பார்த்தாள். ஏழு ஐம்பது. "மாமா, நான் மட்டும் இதுல போயிடறனுங்க. எனக்கு ஒம்பது மணிக்கு..."

சின்னராஜ் வேன் கதவில் கையை ஊன்றினார். "நீ ஏறினீன்னா சரக்கை ஒத்துக்கிட்டதா ஆயிரும் அம்மிணி. ஒருத்தரும் ஏறப்படாது."

நாச்சிமுத்துவைப் பார்த்தாள். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார்.

பஸ் எட்டே காலுக்கு வந்தது. வெற்றிக் களிப்போடு ஏறி உட்கார்ந்தார்கள். வசந்தாமணிக்கும் சீட்டு இருந்தது. அவள் உட்காரவில்லை. முன்கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தான் நின்றால் வண்டி வேகமாகப் போகும் என்பதுபோல நின்றாள்.

போகவில்லை. ஆட்டையாம்பட்டியில் இரண்டு பேர் முறுக்கு வாங்க இறங்கினார்கள். காரில் போகிறவன் நினைத்த இடத்தில் நிறுத்துவான், பஸ்ஸிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் ஏசியைப் போடச் சொன்னார். கொண்டலாம்பட்டிக்கு அரைக் கிலோமீட்டர் முன்பே வண்டி நின்றுவிட்டது. ரவுண்டானா மேம்பாலத்தின் அடிவரை கார், கார், கார். சின்னராஜ் ஜன்னலுக்கு வெளியே எட்டி, மேலேயிருந்து எண்ண ஆரம்பித்தார். பக்கத்துச் சீட்டுக்காரரிடம் சொன்னார்.

"பாருங்க மாப்ள, ஒவ்வொரு காருக்குள்ளயும் ஒத்தை ஆளு. ஒத்தை ஆளுக்கு எதுக்கய்யா இத்தனை தகரம்? ரோடு என்னத்துக்காகும்?"

"நேத்து இந்நேரம் நீங்களும் இதே எடத்துலதான நின்னுட்டிருந்தீங்க?" என்றான் ஈஸ்வர்.

"எனக்கு வேலை இருந்துச்சு," என்றார் சின்னராஜ்.

ஒன்பதாகிவிட்டது. வசந்தாமணியின் போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. நாச்சிமுத்து எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"யாரு அம்மிணி?"

"டாக்டருங்க. சாவி எங்கிட்ட இருக்குது மாமா. இது மூணாவது தடவை. இன்னைக்கோட என்னை வேண்டாம்பாங்க." அழவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். "வேன்ல போயிருந்தா நேரத்துக்குப் போயிருப்பேன்."

அவர் திரும்பிப் போய் உட்காரவில்லை, அவள் பிடித்திருந்த கம்பியையே பிடித்துக்கொண்டு நின்றார்.

சரக்கு மண்டிகள் வரிசையாக இருக்கும் செவ்வாய்ப்பேட்டை நெருங்க நெருங்க வண்டிக்குள் பேச்சு குறைந்தது. மண்டிக்காரன் முதலில் பார்ப்பது சரக்கை அல்ல, இவர்கள் எதிலிருந்து இறங்குகிறார்கள் என்பதைத்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியவனிடம் மூட்டைக்கு இருபது ரூபாய் குறைத்துக் கேட்பான்.

"முந்தின ஸ்டாப்புல இறங்கி நடந்துக்கலாம்," என்றார் ஒருவர். "கார் சர்வீஸுக்கு விட்டிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"பத்தொம்பது காருமா?" என்றான் ஈஸ்வர்.

இருந்தாலும் முந்தின ஸ்டாப்பில்தான் இறங்கினார்கள், இரண்டிரண்டு பேராக, ஒருவரையொருவர் தெரியாதவர்கள்போல. நாச்சிமுத்து மட்டும் இறங்கவில்லை. "என்ன நாச்சிமுத்து?" என்று கீழேயிருந்து சின்னராஜ் கூப்பிட்டதற்கு, "நீங்க போங்க" என்று கையாட்டினார்.

அஸ்தம்பட்டியில் இறங்கும்போது ஒன்பது முப்பத்தைந்து. ஸ்கேன் சென்டர் படியில் பதினொரு பேர் வெறும் வயிற்றோடு அவளைப் பார்த்தார்கள். டாக்டர் நர்மதா வெயிலில் நின்றுகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"சாவியக் கொடுங்க வசந்தாமணி."

"ஒரு நிமிஷமுங்க," என்றார் நாச்சிமுத்து.

அப்போதுதான் அவர் கவனித்தார். படியில் மூன்றாவதாக, வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் செவ்வாய்ப்பேட்டையின் பெரிய ஜவ்வரிசி மண்டிக்காரர். வருஷத்தில் பாதிச் சரக்கை நாச்சிமுத்து அவருக்குத்தான் போடுகிறார். மண்டிக்காரரும் நிமிர்ந்து பார்த்தார், பிறகு நாச்சிமுத்துவுக்குப் பின்னால், கார் எங்கே என்று தெருவைப் பார்த்தார்.

நாச்சிமுத்து தொண்டையைச் செருமினார். திரும்பிப் போய்விடுவார் என்றுதான் வசந்தாமணி நினைத்தாள்.

"இந்தம்மிணி மேல தப்பில்லீங்க. நேரத்துக்குக் கிளம்பினதை நாங்கதான் மறிச்சு நிறுத்தினோம். இருபத்தாறு பேரு. எல்லாரும் பஸ்லதான் வந்தோம். நானும் பஸ்லதான் வந்தேன்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லிவிட்டார். மண்டிக்காரர் முகத்தில் வெறும் வயிற்றையும் மீறி ஒரு தெளிவு வந்தது, மூட்டைக்கு இருபது ரூபாய்த் தெளிவு.

"பஸ்ஸு லேட்டுன்னு எவ்வளவோ பேர் சொல்லியிருக்காங்க," என்றார் டாக்டர். "லேட்டாக்கின ஆளையே கையோட கூட்டிட்டு வந்தது இதுதான் மொதல் தடவை. நாளைக்கு?"

"நாளைக்கு ஏழே முக்காலுக்கு பஸ்ஸு வருமுங்க. நாங்க ஏறுவோம்."

"எத்தனை நாளைக்கு?"

"காசு கட்டினது இன்னும் பத்து நாளைக்கு இருக்குதுங்க."

"அப்ப பத்து நாளைக்கு இவங்ககிட்ட சாவி இருக்கட்டும்."

"ஒரு மாசம்னு வெச்சுக்கலாமுங்க," என்றார் நாச்சிமுத்து, பழக்கதோஷத்தில்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது நாள்."

"சரிங்க."

வசந்தாமணி ஷட்டரைத் தூக்கினாள். விளக்கு, ஃபேன், கம்ப்யூட்டர். முதல் ஆளின் பெயரைக் கூப்பிட்டாள். இருபது நாள். அதற்குள் கருப்பண்ணனிடம் மறுபடி பேச வேண்டும், அதற்கு இந்த இருபத்தாறு பேரும் நாளைக்கும் எழுந்து வர வேண்டும். நிமிர்ந்தபோது நாச்சிமுத்து கவுன்ட்டர் முன்னால் நின்றார்.

"அம்மிணி, திரும்பிப் போக பஸ்ஸு எத்தனை மணிக்கு?"

"அஞ்சரைக்குங்க மாமா."

"அதுக்கு முன்னால?"

"இல்லீங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. வெளியே போய், தெரிந்த கார் ஏதாவது வருமா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, நோயாளிகளின் வரிசைக் கடைசியில் காலியாக இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் கால் ஆட ஆரம்பித்தது. பக்கத்திலிருந்த அம்மாள் தண்ணீர் பாட்டிலை நீட்டி, உங்களுக்கு என்ன ஸ்கேன் என்று கேட்டாள்.