இரண்டு பக்கமும் சிவப்பு

மேஜைப் பந்தாட்டத்தில் பேட் என்பது ஒரு மரியாதைக்காகக் கையில் வைத்திருப்பது, விளையாடுவது மணிக்கட்டுதான். 1982-இல் தாராவியில் இந்த உண்மை தெரிந்த ஒரே ஆள் ஜஹாங்கீர். அவனே கண்டுபிடித்ததால் வேறு யாருக்கும் தெரிய வழியில்லை.

அன்று செம்பூர் மன்றத்தில் கடைசித் தேர்வு ஆட்டம். ஜெயிப்பவருக்கு டீமில் மிச்சமிருந்த ஒரே இடம். தோற்றால் காலேஜ் விட்டதும் நேராகக் கிடங்குக்கு வந்து தோல் தரம் பிரிக்க உட்கார வேண்டும் என்று வாப்பா காசிம் சொல்லிவிட்டார்.

எதிரே பிரம்மநாயகம். இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. தொப்பை, சிரித்த முகம். ஆட்டத்துக்கு முன் வழக்கப்படி தன் பேட்டை நீட்டி, "பாத்துக்கிடுங்க தம்பி" என்றார். அப்போதெல்லாம் பேட்டின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இருக்கலாம். இதில் இரண்டும் சிவப்பு.

"நான் உங்ககூட விளையாட வந்தேன் அண்ணாச்சி, பேட்டோட இல்ல" என்றான் ஜஹாங்கீர். பிறகு கூட்டாளி ஷாகுல் ஹமீதின் காதில், "தடவுறது, அமுக்குறது, மோந்து பாக்குறது, இதெல்லாம் வாப்பா மாதிரி தோல் யாவாரிக்குச் சரி. பிளேயருக்கு எதுக்குல?"

பந்தை அடியில் சீவி சர்வீஸ் போட்டான். பிரம்மநாயகம் சும்மா தள்ளினார். திரும்பி வந்ததை இவன் தள்ள, நெட்டில் விழுந்தது. மறுபடி அதே சர்வீஸ், அதே தள்ளல்; இந்தத் தடவை பந்து எழும்பி மேஜைக்கு வெளியே போயிற்று.

ஃபேனைச் சந்தேகப்பட்டான். "பங்கா பந்த் கரோ!" நிறுத்தினார்கள், வேர்த்ததுதான் மிச்சம். குனிந்து மேஜையின் கால்களைச் சந்தேகப்பட்டான். பந்தை மாற்றச் சொன்னான். அண்ணாச்சியின் சிரிப்பைக்கூட விடவில்லை. அவர் விரல்களுக்குள் பேட் அவ்வப்போது புரள்வதை மட்டும் ரொம்ப நேரம் கழித்துத்தான் பார்த்தான்.

முதல் கேம் போயிற்று.

"பேட்டப் பாருல" என்றான் ஷாகுல்.

"இப்பப் போய்க் கேக்கவா? சும்மா கெட."

"அப்ப கிடங்குக்குப் போ. வாப்பா பாய் விரிச்சு வச்சிருப்பாரு."

பிரம்மநாயகம் பேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். நடுவரும் பின்னாலேயே போனார். ஜஹாங்கீருக்குத் திடீரென்று சாய் தேவைப்பட்டது, ஷாகுலை அனுப்பினான்.

கட்டைவிரலால் தடவினான். ஒரு பக்கம் விரலைப் பிடித்தது. மறுபக்கம் பவுடர் போட்ட மாதிரி வழுக்கியது. அமுக்கினான். பிடித்த பக்கத்தில், ரப்பருக்கு அடியிலிருந்த ஸ்பாஞ்ச் விரலை எதிர்த்துத் தள்ளியது. வழுக்கிய பக்கத்தில் அமுங்கி, சோம்பலாக எழுந்தது. ஒன்று பந்தின் சுழலைக் கவ்வுகிறது. மற்றது கண்டுகொள்வதே இல்லை. ட்யூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தான். வழுக்கும் பக்கம் ஒரு துளி மங்கல். இனி பேட் புரண்டால் தெரிந்துவிடும்.

வேலை முடிந்தது. கீழே வைத்திருக்கலாம்.

வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. பேட்டை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, நிதானமாக மோந்து பார்த்தான்.