கட்சி மாறிய வீடு

மார்லிஸ் அப்பாவின் உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றிக்கொண்டிருந்தபோது வெளியே பனி வழிக்கிற வண்டியின் சத்தம் கேட்டது.

"வந்துட்டான்," என்றார் ஆர்லன், கண்ணைத் திறக்காமலே.

"கென்ட்தான். உள்ள கூப்பிடட்டுமா?"

"நான் ஏன் கூப்பிடணும்? என் பலகையப் பிடுங்கிப் போட்டவன் அவன்தானே?"

சாகக் கிடக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது! முன்னறை ஜன்னலோரம் வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறார். ஆகாரம் நின்றுவிட்டது, மூச்சு இழுக்கிறது. வீம்பு மட்டும் இம்மியும் குறையவில்லை.

எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், இந்தக் கட்சிக் கூத்து எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் இந்த ஹாகன் வீட்டில் நடந்ததை நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆர்லன் இறைச்சி ஆலையில் தொழிற்சங்கத்து ஆள். ஜனநாயகக் கட்சியைத் தவிர வேறு கட்சியை ஏறிட்டுப் பார்க்காதவர். மகன் கென்ட் கல்லூரியிலிருந்து குடியரசுக் கட்சிக்காரனாகத் திரும்பி வந்தபோது சாப்பாட்டு மேசையில் தட்டு பறந்தது. பிறகு ஆலையை மூடினார்கள். அதுவரை ஒரு பக்கமே சாய்ந்திருந்த கவுண்டி அப்படியே மறுபக்கம் கவிழ்ந்தது. ஜனாதிபதித் தேர்தல் வந்தால் போதும், டிவிக்காரர்கள் காபிக் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு ஏன் மாறினீர்கள், ஏன் மாறினீர்கள் என்று உயிரை எடுப்பார்கள். ஆர்லனும் மாறினார். அந்த நேரம் பார்த்து, பள்ளிக்கூட வாத்தியாராகிவிட்ட கென்ட் எதிர்ப்பக்கம் தாவினான். மாறித் தொலைத்ததுதான் தொலைத்தார்கள், ஒரே பக்கமாக மாறியிருக்கக் கூடாதா!

போன தேர்தலின்போது அப்பா புல்வெளியில் நட்டிருந்த பிரசாரப் பலகையைக் கென்ட் பிடுங்கி எறிந்தான். "இனி என் வீட்டுப் படி ஏறாதே," என்றார் அவர். அவனும் ஏறவில்லை. ஆனால் பனி விழுந்தால் விடியற்காலையில் வந்துவிடுவான். வண்டிப்பாதையைச் சுத்தமாக வழித்துவிட்டு, கீழே இறங்காமல் போய்விடுவான். இவர் காபியோடு ஜன்னலில் நின்று பார்ப்பார். ஒருத்தருக்கொருத்தர் கையைக்கூட ஆட்டியதில்லை.

இன்று மார்லிஸுக்குப் பொறுமை போய்விட்டது. மேல்கோட்டுகூட இல்லாமல் வெளியே ஓடி வண்டியின் கதவைத் தட்டினாள்.

"இறங்குடா."

"கூப்பிட்டாரா?"

"இல்ல. செத்துக்கிட்டிருக்காரு. அது போதாதா?"

"கூப்பிடாம எப்படிக்கா…"

"கென்ட், நீங்க ரெண்டு பேரும் யாருக்கு ஓட்டுப் போட்டீங்கன்னு எனக்கு ஒரு மண்ணும் அக்கறையில்ல. நான் போட்டேனான்னு ஒருத்தராவது கேட்டீங்களா? இந்த வீட்ல நான் ஒருத்தி கிடந்து சாகறேன். இறங்குடா!"

அவன் இஞ்சினை நிறுத்தினான்.

அவள் முன்னால் ஓடிவந்து அப்பாவின் காதருகே குனிந்தாள். "கென்ட் வர்றான்பா."

ஆர்லன் கண்ணைத் திறந்தார். நெஞ்சு ஏறி இறங்கியது. "பூட்ஸக் கழட்டிட்டு வரச் சொல்லு," என்றார்.

அதைச் சொல்லவே தேவையில்லை. வீடு தீப்பிடித்து எரிந்தாலும் இந்தப் பக்கத்து ஆட்கள் பனி பூட்ஸோடு கார்பெட்டில் கால் வைக்க மாட்டார்கள். கென்ட் வாசல் மிதியடியில் குனிந்து நின்றான். கயிறு ஈரத்தில் உறைந்து முடிச்சு அவிழவில்லை.

அப்பாவின் மூச்சு ஒரு தடவை நின்று, மறுபடி வந்தது.

"அப்படியே வாடா!" என்று கத்தினாள் மார்லிஸ்.

"ஈரமா இருக்குக்கா. அம்மா போட்ட கார்பெட்டு…"

"கார்பெட் நாசமாப் போகட்டும்! வாடா!"

"ஒண்ணு கழண்டுடுச்சு. இதோ வந்துட்டேன்."

அவன் காலுறையோடு கட்டிலருகே வந்தபோது மூச்சு அடங்கிப்போயிருந்தது; மார்லிஸ் தான் பிடித்திருந்த அப்பாவின் கையைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். அவனை அறையலாம் போல இருந்தது அவளுக்கு. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

கென்ட் கட்டிலோரம் உட்கார்ந்து கேட்டான். "ஏதாவது சொன்னாரா?"

"உன்ன உள்ள வரச் சொன்னாரு," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். அப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தான்.

இறுதிச் சடங்குக் கூடத்திலிருந்து இரண்டு பேர் தள்ளுகட்டிலோடு வந்தார்கள். மிதியடியில் நின்று பனியைத் தட்டினார்கள். அவர்களில் பெரியவர் கார்பெட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து பூட்ஸ் கயிற்றைத் தொட்டார்.

"வேணாங்க," என்றான் கென்ட். "அப்படியே வாங்க."