எல்லா ஊர் ராகு காலம்

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதில் தினேஸ்வரியை மிஞ்ச குனோங் ராபாட் ஊரிலேயே ஆள் கிடையாது. அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்த வினையும் அவள் வாயால் வந்ததுதான்.

அவளும் அண்ணன் சீனியும் நடத்தும் உருமி மேளக் குழுவுக்கு இடிமேளம் என்று பெயர். தொடங்கியவன் சீனி. பத்து காஜா சாலையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவன் மணிக்கட்டு முறிந்ததிலிருந்து, உருமியை மாட்டிக்கொண்டு முன்னால் நிற்பவள் தினேஸ்வரி. ஆனாலும் திருவிழாவில் மைக் பிடிக்கிறவன் 'சீனி குழு' என்றுதான் கூப்பிடுவான். அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வெளியே சொல்ல மாட்டாள், அண்ணனாயிற்றே.

இப்போது மொரீசியஸில் ஒரு தாள விழா. தான் வாசித்த வீடியோவை அதற்கு அனுப்பியிருந்தாள். அதே வீடியோவை முகம் தெரியாதபடி வெட்டி ஒட்டி, தங்களுடையது என்று காம்பார் ஊர்க் குழு ஒன்றும் அனுப்பிவிட்டது. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! விழாக்காரர்கள் குழம்பிப்போய் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வீடியோவில் மேளத்தின் மேல் தெரியும் இடிமேளம் டாட் காம் என்ற பெயருக்கே, உலகக் கணினிகளில் எல்லாம் ஒன்றாகப் பதிவாகும் பிளாக்செயின் வழியாக நுழைவுச்சீட்டை அனுப்புவோம். பெயர் யாருடையதோ அவர்களுக்குப் போய்ச் சேரும். உங்கள் ஊர் நேரப்படி இன்று மாலை ஆறு மணிக்குள் சேராவிட்டால் இடம் காம்பாருக்கு.

இடிமேளம் டாட் காம் அவர்களுடைய இணையதளம்தான். அமைத்துக் கொடுத்தவள் முன்பு குழுவில் தப்பு மேளம் அடித்த கிளாரிசா. இப்போது லண்டனில் நர்ஸ்.

"ரொம்ப ஈசிடி," என்று போனில் சொன்னாள் கிளாரிசா. "டொமைன் கணக்குல ஒரு வரி சேக்கணும். அதுல சீட்டு வந்து விழப்போற உன் வாலட் முகவரி இருக்கும். அப்புறம் தளத்துக்கும் அதே பேரு, வாலட்டுக்கும் அதே பேரு. வேற எவனும் அந்தப் பேர்ல வாங்க முடியாது. கணக்கு என்கிட்ட திறந்துதான் இருக்கு. சீனி அண்ணே போனுக்கு ஓடிபி வரும், அத மட்டும் வாங்கிக் கொடு."

டொமைன் சீனி பெயரில் பதிந்தது. அவன் எண் இல்லாமல் அதில் ஒரு புள்ளிகூட மாற்ற முடியாது.

தினேஸ்வரி தலைகால் புரியாமல் கார் போர்ச்சுக்கு ஓடினாள். சீனி மேளங்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். "அண்ணே! நம்ம பேரு இனிமே ஒரு ஊருல மட்டும் இருக்காதுலா! உலகத்துல எல்லா ஊரு கம்ப்யூட்டர்லயும் ஏறப் போகுது!"

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ராகு காலத்தில் மேளம் அடிக்க விடாதவன் சீனி. சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்தான். "இப்ப ராகு காலம் ஓடுது. தாக் போலே, இப்ப முடியாது. அது போகட்டும்."

"எப்ப முடியும்?"

"இங்க ஆறுக்குள்ள முடிஞ்சிரும். ஆனா எல்லா ஊருலயும் ஏறும்னியே? அதுக்குள்ள இந்தியாவுல ஆரம்பிச்சிரும். அது முடிஞ்சா மொரீசியஸ்ல. நாளைக்குக் காலையில பாத்துக்கலாம்."

"அலாமாக்! நாளைக்குக் காம்பார்க்காரன் பெட்டியக் கட்டிருவான்ணே!"

கெஞ்சினாள், கத்தினாள், காலில் விழுவேன் என்று மிரட்டினாள். அவன் அசையவில்லை. போனில் கிளாரிசா விழுந்து விழுந்து சிரித்தாள். மணியோ ஐந்தரையைத் தாண்டிவிட்டது. தினேஸ்வரிக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"கிளாரிசா, அங்க இப்ப மணி என்ன?"

"காலையிலதான். பதினொன்னு ஆகப் போகுது."

"அண்ணே, லண்டன்ல ராகு காலமா?"

சீனி விரல் விட்டுக் கணக்குப் போட்டான். முகம் மாறியது. "இல்ல... மத்தியானத்துக்கு மேலதான்."

"அப்ப அவ அமுக்கட்டும்! பேரு எல்லா ஊருலயும் இருக்குன்னா எந்த ஊருல அமுக்குனா என்ன? ராகு இல்லாத ஊருல இருந்து ஏறட்டும்லா!"

சீனி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். அவன் கையில் இருந்த போன் டிங் என்றது. கிளாரிசா காத்திராமல் ஓடிபி கேட்டுவிட்டாள்.

அவன் எண்ணைப் பார்த்தான், படிக்கவில்லை.

"படிங்கண்ணே! செத்துப் போயிரும் அது!"

"தினேசு," என்றான் மெதுவாக. "ராகு காலம்னு இழுத்ததுல பாதிதான் நெசம். கை போச்சு, மேளம் உன்கிட்ட வந்துச்சு. பேரும் உன் வாலட்டுக்குப் போயிட்டா நான் யாருன்னு பயமா இருக்குலா."

அவன் மேல் இத்தனை நேரம் வந்த கோபத்தை நினைத்து தினேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "வேணாம்னா விட்டுரலாம்ணே," என்றாள். மனசார இல்லைதான். ஆனாலும் சொன்னாள்.

சீனி அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு கடகடவென்று எண்ணைப் படித்தான்.

"அமுக்கிட்டேன்!" என்று லண்டனில் கத்தினாள் கிளாரிசா.

ஒன்றும் வரவில்லை. தினேஸ்வரி வாலட்டில் பெயரைத் தட்டினாள், காலியாக இருந்தது. மறுபடி தட்டினாள். எதிர்வீட்டு நாய் குரைத்தது, அதையும் திட்டினாள். இன்னொரு தடவை தட்டியபோது, இடிமேளம் டாட் காம் என்று எழுதிய இடத்துக்குக் கீழே அவளுடைய முகவரி வந்து நின்றது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கார் போர்ச்சில் விளக்கு எரிந்தது. கூச்சல் அடங்குவதற்குள் சீட்டும் வந்துவிட்டது.

"விழாத் தளத்துல குழுத் தலைவர் பேரு கேக்குது, சீக்கிரம்!" என்றாள் கிளாரிசா. "சீனி அண்ணேன்னு போடவா?"

தினேஸ்வரி தலையாட்டப் போனாள். சீனி போனை அவள் கையிலிருந்து பிடுங்கினான். "மேடையில நிக்கப் போறது யாரு, நானா? தங்கச்சி பேரப் போடு."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு கிளாரிசா சீட்டைப் படித்தாள்: "இடிமேளம் டாட் காம். தலைவர், தினேஸ்வரி இராமசாமி."

தினேஸ்வரி முகத்தை மூடிக்கொண்டு தேம்பினாள். சீனி ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் தெருப் பக்கம் தூக்கிப் பிடித்தான்.

"இன்னொரு வாட்டி படிம்மா," என்றான். "சத்தமா."