கோபத்தில் படித்த படிப்பு

அக்கா தையல் மெஷின் மெக்கானிக். தொழிற்சாலைகளில் ஊசி ஏறிய விரல்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், மூன்று மாதம் தகரத்தோடு மல்லுக்கட்டி, ஊசியைச் சுற்றி மாட்டும் காப்பு ஒன்றைச் செய்தாள். துணி போகும், விரல் போகாது. ஒரு தொழிற்சாலையின் நாற்பது மெஷின்களில் மாட்டினாள். மெஷின் கம்பெனி ஆள் ஒருவர் வந்து, "சும்மா பாக்கறேம்மா" என்று போனில் படம் எடுத்துப் போனார்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் காப்புரிமை பெற்ற பொருளைச் செய்வதை உடனே நிறுத்தவும்.

"ஊசிக்காப்பு என்னுது, காப்புரிமை அவனுதா?" என்று கத்தினாள் அக்கா.

கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்த தங்கை, அந்தக் காப்புரிமையின் வரைபடத்தைத் தேடி எடுத்தாள். இடது மூலையில் ஒரு துளை இருந்தது. அக்கா கை தவறிப் போட்டது, எதற்கும் உதவாதது. ஈயடிச்சான் காப்பி!

இருவரும் காப்புரிமை விண்ணப்பம் எழுதித் தரும் ஏஜென்ட் ஒருவரிடம் போனார்கள். அவர் அக்காவைப் பார்க்காமல் தங்கையிடம் பேசினார். "மெக்கானிக்தானே? இது கண்டுபிடிப்புன்னே இவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. விட்டுடுங்க."

தங்கைக்குக் காது மடல் சுட்டது. "உங்க வேலைக்கு என்ன படிக்கணும்?"

"சயின்ஸ் டிகிரி வேணும். அப்புறம் ஒரு பரீட்சை." அவர் சிரித்தார். "ஏன், எழுதப் போறீங்களா?"

"ஆமா."

தங்கை ஆய்வக வேலையை விட்டதற்கு அக்காவே திட்டினாள். "என் வயித்தெரிச்சல வெச்சு நீ வேலை தேடிக்கறியா?"

"எனக்கும்தான் எரியுது."

அக்கா எல்லாக் காப்புகளையும் கழற்ற வேண்டியதாயிற்று. அதே மாதம் ஒரு பெண்ணின் நகத்தில் ஊசி முறிந்தது. தங்கை வெறியோடு படித்தாள். முதல் தடவை தோற்றாள், இரண்டாம் தடவை தேறினாள். கையோடு கம்பெனிக்கு எதிராக ரத்து மனு போட்டாள். தொழிற்சாலையின் காயப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தாள்; காப்பு மாட்டிய தேதியிலிருந்து அதில் விரல் காயமே இல்லை. கம்பெனி விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடம் முன்பே காப்புகள் மெஷின்களில் இருந்ததை அக்காவும் அங்கே தைக்கும் ஏழு பெண்களும் சாட்சி சொன்னார்கள். காப்புரிமை ரத்தானது.

காப்புரிமை அலுவலகப் படிக்கட்டில் அக்கா கேட்டாள். "இனிமே இது என் பேருலதானே?"

"இல்லக்கா. அவன் எழுதிப் போடறதுக்கு முன்னாடியே ஊரறிஞ்ச பொருள். அதுக்கு யாருக்கும் உரிமை கிடையாது. யார் வேணாலும் செய்யலாம்."

"அவனுமா?"

"அவனும்தான்."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"படிக்க ஆரம்பிச்ச முதல் வாரமே."

அக்கா கையிலிருந்த கோப்பைச் சுவரில் விட்டெறிந்தாள். தாள்கள் படிக்கட்டு முழுக்கப் பறந்தன. "வாய்ல என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சொல்லியிருந்தா நீ சாட்சிக்கு வந்திருப்பியா?"

அக்கா தாள்களை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனாள். அடுத்த பதினோரு நாளில் நாற்பது மெஷின்களிலும் காப்பைத் திரும்ப மாட்டினாள். திருகாணி ஒவ்வொன்றையும் கம்பெனிக்காரன் கழுத்தாக நினைத்துத் திருகினாள் என்று பெண்கள் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் தங்கையின் மேசைமேல் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று டங்கென்று விழுந்தது. பிரித்தால், நூல் அறுந்தால் மெஷினைத் தானே நிறுத்தும் சின்னக் கருவி.

"எவனும் பாக்கல. எழுது."

"உக்காருக்கா."

"உக்கார மாட்டேன். உம்மேல கோவம் போகல. எழுது."