ஆடி மாச மண்டபமும் மூஞ்சி இல்லாத படங்களும்

“மூஞ்சி எங்கம்மா?” என்று கேட்டார் நாராயணசாமி.

சென்னையில் ஓவியக்கூடம் வைத்திருப்பவர். இருபது வருஷமாகப் பெரியநாயகியின் படங்களை மாட்டி ஊர் உலகத்துக்குக் காட்டியவர். அந்தப் படங்களில் சினிமாக் கதாநாயகன் பச்சைக் கன்னத்தோடு சிரிப்பான். கட்சித் தலைவருக்கு ரோஸ் கலரில் மீசை இருக்கும். ஜவ்வரிசி மூட்டையில் மார்க்காகப் போடும் கிளி ஒரே தாளில் நாற்பது தடவை உட்கார்ந்திருக்கும். எல்லாம் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ரசிகர் மன்ற நோட்டீசை ஸ்க்ரீன் பிரிண்டில் அடித்த அதே கை அடித்தவை. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார்கள்.

அறுபத்தாறு வயதில் பெரியநாயகி அதையெல்லாம் விட்டாள். ஒருநாள் வெள்ளிமலை பஸ்ஸில் கல்வராயன் மலை ஏறும்போது, ஜன்னல் கண்ணாடி பூராவும் மழை. வெளியே மரமும் தெரியவில்லை, மனுஷரும் தெரியவில்லை. பச்சை, அதன்மேல் சாம்பல், அடியில் ஒரு கீற்றுச் செம்மண். பார்த்துக்கொண்டே இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள். அன்றிலிருந்து ஒரு வருஷம், நிறத்தின்மேல் நிறமாகவே அடித்தாள். முப்பத்திரண்டு பெரிய தாள்கள் சேர்ந்துவிட்டன.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா வர்றவங்க முதல்ல ‘இது யாரு, இது என்ன’ன்னு கேப்பாங்க. மூஞ்சி இல்லேன்னா இது உங்க படம்னே யாருக்கும் தெரியாது.”

“கேக்காத நின்னு பாத்தாங்கன்னா?”

“யாரு, உங்க ஊர்லயா?” சிரித்தே விட்டார்.

“எங்க ஊர்லயே வெக்கிறேன். நீங்களே வந்து குந்திகினு பாருங்க. ஒருத்தரும் நிக்கலன்னா மறுநாளே பழையபடி நடிகர் மூஞ்சிய அடிக்கறேன். நின்னாங்கன்னா இத்தனையும் உங்க சுவத்துல ஏறணும்.”

அவர் போனதும், முப்பது வருஷமாக அவளோடு சேர்ந்து ஸ்க்ரீனில் மை இழுக்கும் கொளஞ்சியம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“இன்னாக்கா இப்டி வாய வுட்டுட்ட? மூஞ்சி போட்டாலே ‘மூக்கு கோணிகினு இருக்குது’ம்பாங்க நம்ம ஊரு ஆளுங்க!”

“நீ போய் கயிறு வாங்கியாடி.”

ஆடி மாசத்தில் கல்யாணம் ஏது? மண்டபம் சும்மாதான் கிடந்தது. முதல் வெள்ளிக்கிழமை காலையில் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி, க்ளிப் மாட்டித் தாள்களைத் தொங்கவிட்டு, எல்லா விளக்கையும் போட்டார்கள். நாராயணசாமி ஒன்பது மணிக்கே வந்து மணமேடை ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பத்து மணிவரை ஓர் ஈ காக்கை இல்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம் பெரியநாயகி வாசலைப் பார்த்தாள்.

பத்தேகாலுக்கு வாசலில் ஒரு குரல்.

“ஏ செவ்வந்தி, மண்டபத்துல லைட்டு எரியுது பாருடி! தள்ளுபடி போட்டுட்டாங்க!”

ஆடியில் கல்யாண மண்டபத்தில் விளக்கு எரிந்தால் புடவை விற்கிறார்கள் என்றுதான் அந்த ஊரில் அர்த்தம். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்தார்கள். முதலில் பதினைந்து பேர், பின்னாலேயே இன்னும் இருபது பேர்.

“அக்கா, பொடவைன்னு நெனச்சிகினு வராங்க. சொல்லிடட்டா?”

“கம்முனு இரு.”

“இந்த ஊதாவப் பாரேன். மேல ஒரு ஆரஞ்சு ஓடுது, கண்ணுக்கு உறுத்தவே இல்ல” என்றாள் வந்தவர்களில் ஒருத்தி.

“எம் மருமவளுக்கு எடுப்பா இருக்கும்.”

“அவளுக்கு எத எடுத்தாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினுதான் இருப்பா. எனக்கு எடு.”

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து வந்திருந்த ஜெயம்மாள் ஒரு தாளுக்கு முன்னால் நின்று உதட்டைப் பிதுக்கினாள். “யம்மா, மத்ததெல்லாம் நல்லாத்தான் கீது. இதுல மட்டும் மஞ்சா ஒரு சிட்டிகை ஜாஸ்தி. பச்சைய அமுக்குது பாரு.”

பெரியநாயகிக்குச் சுருக்கென்றது. மூன்று நாள் சண்டை போட்டும் அவளுக்குப் படியாத மஞ்சள் அது.

அதற்குள் செவ்வந்தி ஊதாவைத் தொட்டுவிட்டாள். “ஐயய்ய, காயிதம்டி இது!”

ஏழெட்டுப் பேர் வாசலுக்குப் போய்ச் செருப்பு மாட்டத் தொடங்கினார்கள். நாராயணசாமி எழுந்தார்.

“பாத்தீங்களாம்மா? பொடவைன்னு நினைச்சு நின்னாங்க. அவ்வளவுதான்.”

ஜெயம்மாள் மட்டும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. தொட்ட கையை எடுத்த செவ்வந்தியும் ஊதாவுக்கு முன்னாலேயே நின்றாள்.

“வரலியாடி?” என்று வாசலிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள்.

“காயிதமா இருந்தா இன்னா? இன்னும் பாத்து முடிக்கல. நீ போ.”

வாசலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாட்டிய செருப்பு மறுபடியும் கழன்றது.

நாராயணசாமிக்குப் பொறுக்கவில்லை. செவ்வந்தியிடமே போனார். “ஏம்மா, இவ்ளோ நேரமா பாக்கறீங்களே, இதுல ஒரு மூஞ்சிகூட இல்லியே, இது என்னன்னு தெரியுமா?”

செவ்வந்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “ஏன் சார், உங்க சட்டையில கட்டம் கட்டமா போட்டுக்குதே, அது யாரு மூஞ்சி?”

மண்டபம் அதிர்ந்தது. கொளஞ்சியம்மாள் சிரித்த சிரிப்பில் கயிற்றுத் தாள்களெல்லாம் ஆடின. நாராயணசாமி குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார்.

“தோத்துட்டேம்மா. முப்பத்திரண்டும் என் சுவத்துக்கு.”

“முப்பத்தொண்ணு.” பெரியநாயகி விறுவிறுவென்று நடந்துபோய் அந்த மஞ்சள் தாளைக் கயிற்றிலிருந்து அவிழ்த்தாள். “இத மறுபடி அடிக்கணும். கொளஞ்சி, நாளைக்கு மஞ்சாவ எறக்கிக் கலக்குடி.”

ஜெயம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “அடுத்த வெள்ளிக்கெழம கெழங்கு ஏத்திகினு வருவேன். அடிச்சி வெய்ம்மா, வந்து பாக்கறேன்.”