சிவப்புப் போசியும் நீலப் போசியும்

பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனி. அங்கே ஆட்களின் ஆரோக்கியத்தைப் பிடி வைத்த தூக்குப்போசியில் ஊற்றி ஸ்டோர் ரூமில் வைப்பார்கள். மாதா மாதம் சம்பளத்தன்று ஊற்றல் நடக்கும். வரி அதிகாரி ஒருவர் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து நிற்பார். ஊற்றுவதற்கு வரி கிடையாது; அதைப் பார்க்காமல் இருப்பதுதான் அவர் உத்தியோகம். பன்னிரண்டு வருஷத்தில் ஒருதரம்கூடத் திரும்பியதில்லை, புண்ணியவான்.

போசி இரண்டு வகை; வருஷா வருஷம் ஆளுக்கு ஒரு நிறம் எடுத்துக்கொள்ளலாம். சிவப்புப் போசியில் இருப்பதை நோய் வந்த அன்றே குடிக்கலாம். ஆனால் மார்ச் முப்பத்தொன்று ஐந்து மணிச் சங்கு ஊதிவிட்டால் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிடுவார்கள். கம்பெனி வாசல் செவ்வரளி இப்போது மூன்று மாடி உயரம். நீலப் போசி வருஷக்கணக்கில் சேரும். வேலையை விட்டால் கையோடு கொண்டுபோகலாம். ஒன்றே ஒன்று, நோய் காலில் தொடங்கி மோவாய் வரை ஏறும்வரை சொந்தமாகத் தாங்க வேண்டும்; அப்புறம்தான் குடிக்கலாம். அதற்குச் சுவரில் ஆளுக்கொரு பென்சில் கோடு. முதலாளிக்கு இரண்டிலும் நஷ்டமில்லை. ஒன்றில் செடி வளரும், மற்றதில் ஆள் தாங்கிக்கொண்டு நிற்பான்.

இதை முந்நூறு பேருக்கும் ஒப்பிட்டுச் சொல்பவள் சம்பளப் பிரிவு சாந்தாமணி. அவளிடம் கேட்டவர் மறுபடி யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் அவளுடைய சிவப்புப் போசி மார்ச் கடைசியிலும் தளும்பிக்கொண்டிருந்தது. ஊருக்குச் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். அவள் புருஷன் நாச்சிமுத்து, லேத் ஆபரேட்டர், நீலப் போசிக்காரன். நாற்பது நாளாக இருமுகிறான்.

முப்பத்தொன்றாம் தேதி நாலரை மணிக்கு அவனைச் சுவரோரம் நிறுத்தி ஸ்கேல் வைத்துப் பார்த்தார் ஸ்டோர் கீப்பர் ஜேசுராஜ்.

"கழுத்து வரைக்கும் வந்துருச்சுங்க. மோவாய்க்கு இன்னும் ரெண்டு விரக்கடை."

"நாளைக்கு வந்துரும்," என்றான் நாச்சிமுத்து. நடுவில் நாலு இருமல்.

"நாளைக்கு ஏப்ரல் ஒண்ணுங்க மாமா," என்றாள் சாந்தாமணி. "கோட்டை அழிச்சுட்டு மறுபடி கால்ல இருந்து ஆரம்பிப்பாங்க."

"அதெப்படி அழிப்பாங்க? நாப்பது நாள் பாடுபட்டிருக்கறேன்."

"பட்ட பாடெல்லாம் சேராதுங்க. போசியில இருக்கறதுதான் சேரும்."

அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னொரு நாற்பது நாளை இந்த மனுஷன் தாங்க மாட்டான்.

"என் போசிய இவருக்குக் குடுங்க," என்றாள் ஜேசுராஜிடம்.

"நீலக்காரங்க சிவப்பத் தொடக் கூடாதுங்க. உங்களுக்கு நோய் இருந்தா நீங்க குடிக்கலாம். என்ன நோயுங்க?"

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அரைமணி இருக்குது."

நோய்ப் பிரிவு வராந்தாவின் கடைசியில். நடக்க நடக்க வராந்தா நீண்டது. சாந்தாமணி இதற்கெல்லாம் அசருகிறவளா? திரும்பிப் பின்பக்கமாக நடந்தாள். வராந்தா சுருங்கி அவளை ஜன்னல் முன்னால் விட்டது.

"தலைவலி, பல்வலி எல்லாம் காலையிலயே தீந்துருச்சுங்க," என்றது ஜன்னலுக்குள் இருந்த குரல். "மார்ச் கடைசி பாருங்க."

"ஆள்மாத்து ஃபாரம் குடுங்க. வீட்டுக்காரர் இருமல எம்பேர்ல மாத்தோணும்."

"அவரு சம்மதிச்சாருங்களா?"

"கேட்டா மாட்டேம்பாரு. அதனால கேக்கலீங்க."

ஃபாரத்தில் ஒரே கேள்வி. நோயாளிக்கு நீங்கள் யார்? 'என்னை விட்டால் வேறு யார்?' என்று எழுதிக் கொடுத்தாள். சீல் விழுந்தது.

திரும்பி வருவதற்குள் அவளுக்குக் கழுத்து வரை ஏறிவிட்டது. மூச்சு பாதியில் நின்றது. ஸ்டோரில் நாச்சிமுத்து இருமலைக் காணாமல் சட்டைப்பையில் தேடிக்கொண்டிருந்தான். மணி நாலு ஐம்பத்தெட்டு. சாந்தாமணி போசியைத் திறந்து குடித்தாள். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணிபோல இளஞ்சூடு. ஒவ்வொரு மடக்குக்கும் நோய் இறங்கியது. நெஞ்சு, இடுப்பு, முழங்கால். கடைசி மடக்கில் கட்டைவிரலை விட்டுப் போகவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. வாசலில் செவ்வரளி ஓர் அடி குனிந்தது.

ஜேசுராஜ் கோடுகளை அழித்தார். வரும் வருஷத்துக்கு என்ன நிறம் என்று கேட்டார்.

"நீலம். சேருமில்லீங்களா," என்றான் நாச்சிமுத்து.

"எனக்குச் சிவப்பு," என்றாள் சாந்தாமணி.

நீலப் போசியை வருஷத்துக்கு ஒருதரம் வீட்டுக்குக் கொண்டுபோய் வெளிப்பக்கம் விளக்கி வர வேண்டும். பஸ் ஸ்டாப் போவதற்குள் அவன் மூன்று முறை கை மாற்றினான்.

"கனமா இருக்குது புள்ள."

"சேத்து வெச்சதில்லீங்களா, கனக்கத்தான் செய்யும்."

அவள் வெறும் போசியை ஆட்டிக்கொண்டு நடந்தாள். அவன் நின்று ஒருமுறை இருமிப் பார்த்தான். வரவில்லை. முகம் வாடிப் போயிற்று.

"கால்ல எங்கயாச்சும் ஆரம்பிச்சிருக்குதா பாரு."

அவள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். கால் கதகதப்பாக இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஒண்ணுமே இல்லீங்க."

"அப்ப மறுபடி மொதல்ல இருந்தா?" என்று பெருமூச்சு விட்டான் நாச்சிமுத்து. நாற்பது நாளில் அவன் முழுசாக விட்ட முதல் மூச்சு அது.